சலேத்தம்மாளின் சுகர்

நாக்கு சொன்ன பேச்சைக் கேட்கமாட்டேன் என்கிறது. அந்தப் பக்கம் போகாதே என்று சலேத்தம்மாள் அதட்டி அதட்டி வைத்தாலும், வேலி பிரிந்த தோட்டத்துக்குள் ஆடு நுழைகிற மாதிரி வலது கீழ்க் கடைவாய்ப் பல்லிடம் போய் நின்றுகொள்கிறது. தொட்டதும் காது வழியாக உச்சி வரைக்கும் ஒரு சுண்டு. கண்ணை இறுக மூடித் திறந்தால் எதிரே ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவர், அதில் பிள்ளைக்குப் பால் கொடுக்கிற பெண்ணின் படம், பக்கத்தில் பல் டாக்டர் அறையின் பச்சைத் திரை. திரை காற்றில் விலகும்போது உள்ளே சாய்ந்த நாற்காலியில் யாருடைய காலோ தெரிகிறது. செருப்பைக் கழற்றாமலே படுத்திருக்கிறான் பாவி. பயத்தில் செருப்பு எங்கே நினைவுக்கு வரும். வீங்கின கன்னத்தை முந்தானையால் அணைத்தபடி, இடது கைக்குள் ஜெபமாலையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் அவள். பக்கத்தில் மருமகள் ஜெயராக்கினி. "ரொம்ப வலிக்குதா அத்தை? தண்ணி குடிக்கிறீங்களா?" வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ஆட்டியதற்கும் ஒரு சுண்டு. வலி இருந்துவிட்டுப் போகட்டும், வலி பழகின வேலைக்காரி மாதிரி, அது பாட்டுக்கு வந்து அது பாட்டுக்குப் போகும். உள்ளே போனதும் அந்த டாக்டரம்மா கேட்கப் போகிற ஒரு கேள்விதான் நெஞ்சில் கல்லாய்க் கிடந்தது. வேறு என்ன வியாதி இருக்கும்மா, என்ன மருந்து சாப்பிடுறீங்க? எல்லா டாக்டரும் கேட்கிற கேள்வி. எச்.ஐ.வி. என்று சொன்னால் இந்த நாற்காலியும் கிடைக்காது. சொல்லாவிட்டால், தன் வாய்க்குள் கையை விட்டு உதவி செய்ய வருகிற ஒரு பிள்ளையிடம் பொய் சொன்னவள் ஆவாள். மாதாவே, இதில் எதற்குத் தைரியம் கொடு என்று உன்னிடம் கேட்பது? பொய் சொல்லத் தைரியம் கொடு என்று ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க முடியுமா?

"ஏத்தா சலேத்து, நீயா? என்னாடி இது, மூஞ்சி அதிரசம் கணக்கா உப்பிக் கெடக்கு!" ஒச்சம்மா மதினிதான். அடுத்த தெருக்காரி. பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை வாங்க வந்தவள் மாத்திரையை வாங்கினோமா போனோமா என்று போகிற ஆளா? பெஞ்சில் இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டாள். "பல்லு பெரியம்மா," என்றாள் ஜெயராக்கினி. "பல்லா? அடியாத்தி, சுகர்காரிக்குப் பல்லுல கைய வச்சா ரத்தம் நிக்காதும்பாகளே. ஆனா ஒனக்கென்ன, நீ சுகரையே கட்டிப்போட்டு மாடு மேய்க்கிறவ. எனக்குப் பாரு, ஒன் பேச்சக் கேட்டு வருசக்கணக்கா பாவக்காச் சாறு குடிச்சு நாக்குத்தான் செத்துப் போச்சு, சுகர் அப்பிடியே நிக்குது. ஒளிக்காமச் சொல்லு, பெரியாஸ்பத்திரில என்னா மாத்திரைதான் குடுக்குறாய்ங்க?" சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. இல்லாத சுகரைக் கட்டுப்படுத்துவதில் என்ன பெருமை இருக்கிறது. வீட்டுக்காரர் கண்ணை மூடின வருசம் ஆரம்பித்த பொய் அது. மாதா மாதம் ஜில்லா பெரியாஸ்பத்திரிக்கு ஏன் போகிறாய் என்று ஒருத்தி பஸ்சில் கேட்டாள். வாய் தன்னால் 'சுகர்' என்றது. அவ்வளவுதான், ஊரே பிடித்துக்கொண்டது. எத்தனை நல்ல சனங்கள்! கிறிஸ்துமஸ் கேக்கை அவள் தட்டில் மட்டும் வைக்கமாட்டார்கள், பாயசம் பரிமாறுகிற பிள்ளை அவள் இலையைத் தாண்டிப் போய்விடும், கோயில் அசன விருந்தில் அவளுக்கென்று தனியாகக் கொஞ்சம் சுண்டல் எடுத்து வைத்திருப்பார்கள். "சலேத்துக்கு ஆகாது, சலேத்துக்கு ஆகாது." பாசத்தால் கட்டின வேலி. அதைத் தாண்டி ஒரு லட்டை எடுக்க அவளுக்கு முடிந்ததில்லை. ஒருநாள் யாரும் இல்லாத நேரம் பார்த்துச் சீனி டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை வாயில் போட்டாள், வாசலில் நிழல் ஆடியது, அப்படியே விழுங்கினாள், இனிப்புத் தெரியவே இல்லை.

இனிப்பு என்றால் வீட்டுக்காரர் சந்தியாகு கை வாசனை. முறுக்கும் மிட்டாயும் போடுகிற கம்பெனி வேலைக்கென்று நாக்பூர்ப் பக்கம் போய், வருசத்துக்கு ஒருதரம் வருகிற மனுசன். எத்தனை சோப்புப் போட்டாலும் அந்தக் கையில் எண்ணெயும் பாகும் போகாது. தகர டின்னில் அவர் கொண்டுவருகிற பாதுசா, மேலே சீனி வெள்ளையாகப் பூத்திருக்கும். கடைசி தரம் வந்தபோது டின் இல்லை, ஆளே பாதியாக வந்தார். இருமல், காய்ச்சல், ஊர் டாக்டர் டானிக் கொடுத்தார், சலைன் ஏற்றினார், டி.பி. என்றார். பெரியாஸ்பத்திரியில்தான் மிச்சத்தைச் சொன்னார்கள். அப்புறம் அவளுக்கும் ரத்தம் எடுத்தார்கள். கோயிலில் எல்லாரும் போனபிறகு பின்வரிசையில் உட்கார்ந்து அவர் அழுத அழுகை. "ஒன்னயும் கெடுத்துட்டேனே" என்றார். கேட்க நினைத்த கேள்வி அவளுக்கு எத்தனையோ இருந்தது. இவ்வளவு தூரத்தில் தனியாகக் கிடந்த மனுசன், என்ன கண்டார், யாரிடம் போனார். இப்போது கேட்டு என்ன ஆகப்போகிறது. தலையைத் தடவிவிட்டாள். அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்த மன்னிப்பு. அப்போது பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்த மகன் அருளப்பனுக்கும் ரத்தம் பார்த்து, ஒன்றும் இல்லை என்று சொன்ன அன்றைக்கு மட்டும் மாதா முன்னால் முழங்காலில் நின்று விழுந்து கும்பிட்டாள். அவனிடம் இன்றுவரை சொல்லவில்லை. அப்பாவுக்கு டி.பி., அம்மாவுக்குச் சுகர். கூட்டு மருந்து டப்பாவைக் கொண்டுவந்ததும் முதல் வேலை, தண்ணீரில் ஊறவைத்து லேபிளைக் கத்தியால் சுரண்டுவது. எழுத்து ஒன்றும் மிஞ்சக்கூடாது. சுரண்டின டப்பாவை மாதா சுரூபத்துக்குப் பின்னால் வைத்து, மாலை ஜெபம் முடித்துத் தினமும் ஒன்று. அந்த மாத்திரையும் அந்த ஜெபமும்தான் இத்தனை வருசமாக அவளை நடமாட விட்டிருக்கின்றன. "உங்க ரத்தத்துல கிருமி தேடினாலும் தெரியலைம்மா, அப்படி ஒழுங்காச் சாப்பிடுறீங்க" என்று பெரியாஸ்பத்திரியில் ஆலோசனை சொல்கிற ரூபன் சார் போன தடவைகூடச் சொன்னார். பிள்ளைக்கு முத்தம் கொடுக்கலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒன்றும் ஆகாது என்றார். அவர் சொல்வது புத்திக்குப் புரிகிறது. உதட்டுக்குப் புரிவதில்லை. பேத்தி கன்னத்துக்குப் பக்கத்தில் போய்த் திரும்பி வந்துவிடுகிறது.

பயம் இருக்கிறதே, அது வேண்டாத இடத்தில் எல்லாம் வந்து உட்காரும். வீடு வீடாகச் சுகர் பார்க்க வருகிற முத்துச்செல்வி தலையைக் கண்டாலே சலேத்தம்மாள் விரலை முந்தானைக்குள் ஒளித்துக்கொள்வாள். சின்னப் பொண்ணு, சிரித்த முகம், வெறுங்கையாலே விரலைப் பிடித்துக் குத்துவாள். சிவப்பாக ஒரு சொட்டு எட்டிப் பார்க்கும். "நானே அமுக்கிக்கிறேன் தாயி, நீ தொடாத, நீ தள்ளியிரு" என்று பஞ்சைப் பிடுங்கித் தன் விரலைத் தானே நசுக்கிக்கொள்வாள். அந்தக் குத்தூசியையும் "குடு, நான் புதைச்சிர்றேன், பிள்ளைக நடமாடுற வாசல்" என்று வாங்கிக்கொள்வாள். முத்துச்செல்வி மெஷினைப் பார்த்து, "அம்மா, எனக்குக்கூட இவ்வளவு நல்லா இருக்காது, நீங்கதான் இந்த ஊருக்கே மாடல்" என்பாள். மாடல்! வேண்டாம் என்று ஒருதரம் சொல்லிப் பார்த்தாள், சுகர்காரியே வேண்டாம் என்றால் எப்படி என்று அந்தப் பிள்ளை செல்லமாகக் கோபித்துக்கொண்டது. இந்த இக்கட்டிலெல்லாம் அவளுக்குக் கிடைக்கிற ஒரே சொகுசு ஜெயராக்கினி போடுகிற டீ. பேருக்குச் சீனி போடாத டீ. ஆனால் அடியில் எங்கேயோ லேசாக ஒரு தித்திப்பு இருக்கும். அருளப்பன் டம்ளருக்குப் போட்ட கரண்டியை அப்படியே இதிலும் விட்டுக் கலக்கிவிடுகிறாள் போல, கவனம் இல்லாத பிள்ளை. சொன்னால் திருத்திக்கொள்வாளே என்று இவள் சொல்லவில்லை. மருமகளின் கவனக்குறைவைக் காலையும் மாலையும் திருடிக் குடித்துக்கொண்டிருக்கிறாள், இதையும் ஒருநாள் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லத்தான் வேண்டும்.

"அடுத்தது யாரு, உள்ள போங்க." செருப்புக்கால்காரன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான், ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா உள்ளே போனாள், அவளுக்குப் பிறகு சலேத்தம்மாள்தான். மணிகள் விரலுக்கிடையில் நகரமாட்டேன் என்றன. அருள் நிறைந்த மரியே என்று ஆரம்பித்தால் பாதியிலேயே அந்த வெள்ளை நாற்காலி வந்து நிற்கிறது. டவுனில், கண்ணாடிக் கதவு போட்ட பல் ஆஸ்பத்திரி. எங்கே போனாலும் டாக்டரிடம் மறைக்காதீங்கம்மா என்று ரூபன் சார் சொல்லியிருந்தார், ஒரு மாத்திரைக்கு இன்னொரு மாத்திரை ஆகாமல் போகும் என்று. சரி என்று, நாற்காலியில் படுத்தபடியே எச்.ஐ.வி. இருப்பதைச் சொல்லிவிட்டாள். அந்த டாக்டர் தம்பி, நல்ல பிள்ளைதான், நாற்காலி மேல் வைத்திருந்த கையை மெதுவாக எடுத்தான். "இங்க அதுக்கு வசதி இல்லம்மா. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க." மற்றவர்களுக்கு இருக்கிற வசதி எழுந்து எங்கே போனது என்று அவளுக்குக் கேட்கத் தெரியவில்லை. வெளியே வந்து செருப்பை மாட்டும்போது கண்ணாடி வழியாகப் பார்த்தாள், ஒரு பெண் அந்த நாற்காலியை அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தாள். சாணி பட்ட இடத்தைத் துடைக்கிற மாதிரி. அவளுக்கும் வீட்டில் பிள்ளைகுட்டி இருக்கும், பயம் இருக்கத்தானே செய்யும் என்று பஸ்சில் வரும் வழியெல்லாம் அந்தப் பெண்ணுக்காகவே வாதாடிக்கொண்டு வந்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்கும் போனாள். மருந்து கொடுக்கிற இடத்தில் எல்லாரும் தங்கம். பல் பார்க்கிற இடத்தில் "நீங்க கடைசியா வாங்கம்மா" என்றார்கள். கடைசியாக என்று உட்கார்ந்தாள், கடைசிக்கு முந்தின ஆளோடு நேரம் முடிந்துவிட்டது. இன்னொரு நாள் போனாள், தனிச் சாமான் இன்னும் வரவில்லை என்றார்கள். அதற்கப்புறம் கிராம்பு, உப்புத் தண்ணி, மெடிக்கல் கடை மாத்திரை. முன்பு காலில் அரிவாள் பட்டபோதும் இப்படித்தான், தையல் போட வேண்டிய காயம், யாரிடம் போய்க் காட்டுவது என்று காப்பித்தூளை அப்பித் துணியைக் கட்டிக்கொண்டு படுத்துக்கிடந்தாள். நினைத்துப் பார்த்தால் வேடிக்கைதான். கிருமிக்கு ஒரு ஆஸ்பத்திரி இருக்கிறது, மாத்திரை இருக்கிறது, மேசை மேல் தண்ணீர்கூட வைத்திருக்கிறார்கள். கிருமி போக மிச்சமிருக்கிற உடம்பு, பல்லும் காலும் காய்ச்சலும் உள்ள உடம்பு, அதற்குத்தான் போக ஒரு இடம் இல்லை. ராத்திரி கன்னம் வீங்கினதைப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல நான் பாத்துக்கிட்டு இருக்க மாட்டேன், நம்ம சுகாதார நிலையத்துக்கே பல் டாக்டர் வந்துட்டாங்களாம், கெளம்புங்க" என்று இழுத்துக்கொண்டு வந்தது ஜெயராக்கினிதான். அவளுக்கு என்ன தெரியும். இந்த ஊர் ஆஸ்பத்திரியில் சொன்னால் சுவருக்கும் காது. ஒச்சம்மா மதினி அடுத்த வாரம்வரை பெஞ்சை விட்டு எழுந்திருக்கமாட்டாள். சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன? எல்லாருக்கும் ஒரே மாதிரி கையுறை போட்டு, ஒரே மாதிரி சாமானை அவித்துச் சுத்தம் பண்ணினாலே போதும், யாருக்கும் பயமில்லை என்று ரூபன் சார் சொல்லியிருக்கிறாரே. திரை விலகியபோது உற்றுப் பார்த்தாள். டாக்டரம்மா பழைய உறையைக் கழற்றிச் சிவப்புக் கூடையில் போட்டுவிட்டுக் கையைக் கழுவுகிறாள். புது உறை. எல்லாருக்கும் புதுசுதான். அப்படியானால் சொல்ல வேண்டாம். அப்படியானால் சொன்னால்தான் என்ன. நாக்கு மறுபடி பல்லிடம் போனது.

"சலேத்தம்மா! யாரு சலேத்தம்மா?" ஜெபமாலையைக் கையில் இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டு எழுந்தாள். ஒச்சம்மா சத்தமாக, "டாக்டரம்மாகிட்ட சுகர் இருக்குன்னு மறக்காமச் சொல்லிரு ராக்கினி, அவ வாயத் தொறக்க மாட்டா" என்றாள். பல்லாஸ்பத்திரியில் வாயைத் திறக்கமாட்டாள் என்கிறாளே என்று பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். உள்ளே டாக்டரம்மா சின்னப் பெண், கண்ணுக்குக் கீழே களைப்பு, பேச்சில் அவசரம். "உக்காருங்கம்மா. எத்தனை நாளா இப்படி? ஐயோ, இவ்வளவு வீங்குற வரைக்கும் யாராவது வச்சிருப்பாங்களா? சுகர், பிரஷர் ஏதாவது இருக்கா?" வழக்கமாக எந்த ஆஸ்பத்திரியிலும் மாமியாருக்குப் பதில் ஜெயராக்கினிதான் பேசுவாள். பேரை, வயசை, எல்லாவற்றையும் முந்திக்கொண்டு சொல்வாள். இப்போது திரும்பிப் பார்த்தால் அவள் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "நான் வெளிய இருக்கேன் டாக்டர். அத்தையே சொல்லுவாங்க." போயே போய்விட்டாள். ரத்தம் என்றால் ஆகாது அந்தப் பிள்ளைக்கு. திரை ஆடி நின்றது. மூலையில் நர்ஸம்மா தட்டில் சாமான் அடுக்குகிற சத்தம். "சொல்லுங்கம்மா, சுகர் இருக்கா?" இருக்கு என்று ஒரு தலையாட்டு போதும். இத்தனை வருசமாக ஆட்டிப் பழகின தலை. "இருந்தா என்ன மாத்திரைன்னு சொல்லுங்க. இப்ப டெஸ்ட் பண்ணிட்டுத்தான் பல்லைத் தொட முடியும்." டெஸ்ட் பண்ணினால் ஒன்றும் இருக்காது, மாத்திரை பேர் கேட்டால் சொல்லத் தெரியாது, மறைத்துக்கொள்ளக் கட்டின சுவரிலேயே தலையை முட்டிக்கொண்டு நிற்கிறாள். டாக்டரம்மாவின் கழுத்தில் மெல்லிசாக ஒரு சங்கிலி. பேத்தி வளர்ந்தால் இந்த வயசுக்கு வருவாள். "சுகர் இல்ல தாயி" என்றாள். தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. "ஊருக்குச் சொல்லிக்கிறது அது. எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. கூட்டு மருந்து சாப்புடுறேன். ஒருநாள் விட்டதில்ல. ரத்தத்துல கிருமி தெரியலன்னு சொல்லிருக்காங்க. ஒங்ககிட்ட மறைச்சா மாதா பொறுக்க மாட்டா, அதான்."

தட்டுச் சத்தம் நின்றது. டாக்டரம்மாவின் கை, மேசை மேல் போகிற வழியில் ஒரு நொடி அப்படியே நின்றது. சலேத்தம்மாள் அந்தக் கையையே பார்த்தாள். இப்போது எடுத்துக்கொள்வாள், இப்போது வசதி இல்லை என்பாள். இவளுடைய கால் தரையைத் தேடிக் கீழே இறங்கவே ஆரம்பித்துவிட்டது. "கால மேல தூக்கி வைங்கம்மா, எங்க போறீங்க?" என்றாள் டாக்டரம்மா. "இதுக்கு முன்னாடி யார்கிட்டயும் காட்டலையா?" காட்டினேன் தாயி என்று சொல்ல வந்தவள், யாரையும் காட்டிக்கொடுக்க மனசில்லாமல், "எங்க போறது?" என்று மட்டும் கேட்டாள். குறையாகக் கேட்கவில்லை, வழி கேட்கிறவள் மாதிரிதான் கேட்டாள். டாக்டரம்மா குனிந்து புது உறையை எடுத்து மாட்டினாள். நர்ஸம்மா தயங்கித் தயங்கி இன்னொரு ஜோடியை நீட்டினாள். "ஒண்ணு போதும் சிஸ்டர், எல்லாருக்கும் போடுறதுதான்." பிறகு அந்தக் கை வந்து தாடையைப் பிடித்தது. உறைக்குள்ளே இருக்கிற சூடு கன்னத்தில் தெரிந்தது. கடைசியாகத் தன் முகத்தை இன்னொரு மனுசர் கை தொட்டது எப்போது என்று யோசித்தாள், சந்தியாகுவோடு போய் நின்றது அந்த நினைவு. ஊசி குத்தியது. கன்னம் மரத்து யாருடையதோ ஆகிவிட்டது. ஒரு அசைப்பு, ஒரு முறிகிற சத்தம், தூரத்தில் யாரோ விறகு உடைக்கிற மாதிரி. "முடிஞ்சுது. இவ்வளவுதான். பஞ்சை நல்லாக் கடிச்சுக்கோங்க, பேசாதீங்க. நான் எழுதுற மாத்திரையை உங்களுக்குக் கூட்டு மருந்து குடுக்குற ஏ.ஆர்.டி. டாக்டர்கிட்டயும் போன்ல கேட்டுக்கிறேன். அரை மணி கழிச்சுப் பஞ்சைத் துப்பிட்டு ஐஸ்கிரீம் சாப்பிடுங்க. அப்புறம் அம்மா, காய்ச்சலோ காயமோ எதுவா இருந்தாலும் முதல்ல இங்க வாங்க. இது உங்க ஆஸ்பத்திரிதான்." பஞ்சைக் கடித்தபடியே ஜெபமாலை சுற்றின கையைக் குவித்தாள்.

பஸ் வர நேரமிருந்தது. சுகாதார நிலையத்துக்கு எதிரே பேக்கரி, அதன் வாசல் பெஞ்சில் ஜெயராக்கினி அவளை உட்காரவைத்து, கொஞ்ச நேரம் போனதும் ஒரு கவரை விரித்துப் பிடித்தாள். "பஞ்சை இதுல துப்புங்க அத்தை." ரத்தம் பட்ட பஞ்சு. இவள் கவரைப் பிடுங்கப் போனாள், மருமகள் விடவில்லை, தானே வாங்கி முடிச்சுப் போட்டுக் கையிலேயே வைத்துக்கொண்டாள். பிறகு உள்ளே போய் ஒரு கிண்ணம் ஐஸ்கிரீமோடு வந்தாள். மூடியைத் திறந்து மரக்கரண்டியைக் குத்தி நீட்டினாள். வெள்ளை வெளேரென்று, விளிம்பில் ஏற்கெனவே உருகி. சாலைக்கு அந்தப் பக்கமிருந்து ஒச்சம்மாவின் குரல் பாய்ந்து வந்தது. "அடியே! சுகர்காரி ஐஸ் திங்கிறாடி!" "டாக்டரே தின்னச் சொல்லிட்டாங்க பெரியம்மா, நீங்க பாவக்காச் சாறு குடிங்க!" என்று சிரிப்போடு கத்தினாள் ஜெயராக்கினி. சலேத்தம்மாள் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, மரத்துப்போன வாயால் குழறினாள். "ராக்கினி... எனக்குத்தான் சுகர்..." "ஒங்களுக்குச் சுகர் இல்லன்னு எனக்குத் தெரியும் அத்தை." குரலைத் தாழ்த்திச் சொன்னாள், ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கல்யாணமாகி வந்த ரெண்டாவது மாசமே தெரியும். சுரூபத்தைத் தொடைக்கும்போது டப்பாவப் பாத்தேன். எங்க சித்தப்பாவுக்கும் இதேதான், சித்தி அவரு டப்பாவ இப்பிடித்தான் சுரண்டும். சுகர் மாத்திரை டப்பாவ எவளாச்சும் சுரண்டுவாளா? நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன். இன்னிக்கு அந்த டாக்டர்கிட்டயாச்சும் சொல்லணுமேன்னுதான் வெளிய வந்து நின்னேன். சாப்புடுங்க, உருகுது."

ரெண்டாவது மாசம். சலேத்தம்மாளின் மனசு அந்த இடத்தில் போய் நின்றுகொண்டது, நாக்கு பல்லிடம் போய் நின்ற மாதிரி. ரெண்டாவது மாசம் என்றால் பேத்தி அப்போது வயிற்றில்கூட இல்லை. எல்லாம் தெரிந்துகொண்டுதான் பெற்ற பிள்ளையைத் துணியில் சுற்றி, தன் அம்மா கையை நீட்டிக்கொண்டு நிற்கும்போதே, "மொதல்ல அத்தை வாங்கட்டும்" என்று இவள் மடியில் வைத்தாளா. தெரிந்துகொண்டுதான் இவள் குடித்து வைத்த தண்ணீரை எடுத்துக் குடித்தாளா. டீயின் அடியில் கிடந்த அந்தத் தித்திப்பு. கரண்டி தவறிக் கலந்ததே இல்லை. கண் மறைத்தது. ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். இடது பக்கம் மட்டும்தான் தெரிந்தது குளிர்ச்சி, வலது பக்கம் இன்னும் மரத்துக் கிடந்தது, ஆனாலும் அந்தப் பாதி வாய்க்குள் இனிப்பு ஓடி ஓடிப் பரவியது, யாருடைய நிழலும் ஆடவில்லை, விழுங்க அவசரமும் இல்லை. நாக்கு தன் பழக்கத்தில் அந்தப் பல்லைத் தேடிப் போய், அங்கே ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்தது. "அத்தை," என்றாள் ஜெயராக்கினி, முந்தானையால் அவள் தாடையில் வழிந்ததைத் துடைத்துவிட்டபடி, "நாளையிலருந்து டீக்கு முழுக் கரண்டி போடட்டா, இல்ல இந்த அரையே போதுமா?"